ஹோமில் இருக்கும் பிள்ளைகள் சீக்கிரம் வீடு திரும்ப நாம் என்ன செய்கிறோம்?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 9.12

தென்மாவட்டம் ஒன்றில் தனியார் குழந்தைகள் இல்லத்தில் பதினோரு வருடமாகச் சமூகப்பணியாளராக இருக்கிறேன். இல்லத்தின் பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன், பிள்ளைகளை அடையாளம் காட்டியதாகிவிடும்.

நேற்று ஒரு பையனை அவன் வீட்டில் விட்டு வந்தேன். வயது பன்னிரண்டு. ஆறு வயதில் எங்களிடம் வந்தவன். அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகாத நேரம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை, கையில் ஒரு குழந்தை, வாடகை பாக்கி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "ஹோமில் விட்டால் சாப்பாடும் படிப்பும் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிக் கூட்டிவந்தார். சேர்த்தோம். அது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு வேறு கதி இல்லை.

ஆனால் இரண்டாவது வருடமே அவர் தன் தாய்வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்துவிட்டார். பாட்டி திடமாக இருக்கிறார். அரசுப் பள்ளி கூப்பிடு தூரம். இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? மூன்று மாதத்துக்கு முன்னால். நான்கு வருடமாக மறு ஆய்வுத் தாளில் "குடும்பச் சூழல் உகந்ததாக இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். முந்தைய வருடத் தாளைப் பார்த்து எழுதினேன். வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை.

நேற்று வாசலில் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். உள்ளே போகவில்லை. "வாய்யா" என்று அம்மா கூப்பிட்ட பிறகுதான் போனான். தங்கச்சி பாட்டியின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ஒரே அறை. யார் எங்கே படுப்பது, எந்தத் தட்டு யாருக்கு, எந்த ஆணியில் யார் துணி என்பதெல்லாம் அவன் இல்லாமலே முடிவாகியிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அவன் மேல் வெறுப்பில்லை. அவன் இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப்போயிருந்தது. இரண்டு வருடத்தில் கூட்டிவந்திருந்தால் மூடியிருக்காது.

வீடு திரும்பும் வேலையைப் பிள்ளை சேர்ந்த முதல் வாரமே தொடங்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். நம் பக்கத்தில் அது பத்தாம் வகுப்பு முடிந்ததும் தொடங்குகிறது, அல்லது பதினெட்டு வயது நெருங்கும்போது.

2018இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 9,589 இல்லங்கள், அவற்றில் சுமார் 3.7 லட்சம் பிள்ளைகள் என்று இருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒற்றைப் பெற்றோரின் பிள்ளை. "அநாதை இல்லம்" என்று ஊர் சொல்லும் கட்டடங்களில் இத்தனை பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன? இந்தக் காலத்தைச் சுருக்க நீங்கள் செய்து பார்த்தது எது?

---

ஏழாம்நம்பர்பெட்டி | ஞாயிறு, இரவு 10.40

நான் இல்லத்தில் வளர்ந்தவன். ஒன்பது வருடம். இந்தப் பெயர் அங்கே எனக்குக் கொடுத்த தகரப் பெட்டியின் எண்.

அம்மா நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். ஒரே பஸ், மாறக்கூட வேண்டாம். பொங்கலுக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் போவேன். பத்து நாள் விருந்தாளி. கறி எடுப்பார்கள், புதுச் சட்டை எடுப்பார்கள். திட்டவே மாட்டார்கள். அம்மா என்னை ஒருநாளாவது திட்ட வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன், தம்பியைத் திட்டுகிற மாதிரி.

பதினெட்டு முடிந்து ஒரேயடியாக வீட்டுக்கு வந்த அன்று அம்மா டீ போட்டுவிட்டு, "சக்கரை எவ்வளவுப்பா போடணும்?" என்று கேட்டார். பெற்ற தாய் கேட்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் படுத்து அழுதேன்.

இல்லத்தில் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அடி கிடையாது, பசி கிடையாது. அது போதாதா என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்லி விளக்க முடிந்ததில்லை. நீங்கள் எழுதிய "மூடிப்போன இடம்", அதுதான் ஐயா அது.

---

பாவாடைநாடா | திங்கள், காலை 6.15

நான் எழுதுறதுல தப்பு இருந்தா மன்னிச்சிக்கங்க. திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல வேலை பாக்குறேன். எனக்கு ரெண்டு பொண்ணு, பெரியவளுக்கு 13, சின்னவளுக்கு 9. மூணு வருசமா ஹோம்ல இருக்காங்க.

ஏன் சேத்தேன்னு கேட்டீங்கன்னா, வீட்டுக்காரர் குடி. எனக்கு நைட் ஷிப்ட். ராத்திரி வீட்டுக்கு யார் யாரையோ கூட்டிட்டு வந்து உக்காந்து குடிப்பாரு. கதவுக்கு ஒழுங்கான தாப்பா கூட இல்ல. பெரியவ தங்கச்சியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு முழிச்சே கெடப்பா. மில்லுல நின்னுக்கிட்டு இருக்கும்போது எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும். அப்பதான் ஒரு சிஸ்டர் சொல்லி சேத்தேன். அன்னைக்கு அந்த ஹோம் இல்லன்னா எம்புள்ளைங்க என்ன ஆயிருக்கும்னு தெரியல.

இப்ப அவரு போய் ரெண்டு வருசம் ஆச்சு, எங்க இருக்காருன்னே தெரியாது. நான் வீடு மாத்திட்டேன். பகல் ஷிப்ட் வாங்கிட்டேன். எங்க அக்கா ரெண்டு தெரு தள்ளி இருக்கு. புள்ளைங்கள அனுப்புங்கன்னு போன வருசம் கேட்டேன், முழுப் பரீட்சை முடியட்டும்னாங்க. முடிஞ்சதும் கேட்டேன், அடுத்த வருசம் பாக்கலாம்னாங்க. அதுக்கு மேல கேக்க வாய் வரல. கஷ்டத்துல வாங்கிக்கிட்டவங்கள்ட்ட போய் மறுபடி மறுபடி கேட்டா நன்றி கெட்டவன்னு நெனைச்சிருவாங்களோன்னு பயம். யாருகிட்ட கேக்கணும்னும் தெரியல.

---

நாலுமாதம் | திங்கள், காலை 8.50

பாவாடைநாடா அம்மா, முதலில் உங்களுக்கு. நான் வழக்கறிஞர், ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக மூன்று வருடம் இருந்தேன்.

உங்கள் பிள்ளைகளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஹோம் அல்ல, உங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்று சட்டம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. வெள்ளைத் தாளில் தமிழில், "என் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதி, இங்கே எழுதிய அதே காரணங்களைச் சொல்லி, கையெழுத்திட்டுக் கொடுங்கள். கொடுத்ததற்குத் தேதியோடு ரசீது கேளுங்கள். நன்றி கெட்டதனம் எதுவும் இதில் இல்லை. ஹோம் இருப்பதே பிள்ளைகளை ஒருநாள் உங்களிடம் திருப்பிக் கொடுக்கத்தான்.

மற்றவர்களுக்கு: 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் படித்தால், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று 3ஆம் பிரிவிலேயே அடிப்படைக் கோட்பாடாகச் சொல்லியிருப்பது தெரியும். பிள்ளை குழு முன்னால் வந்ததும் 36ஆம் பிரிவின்படி 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை (பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதுவது), முதன்முதல் ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. அந்தக் கடிகாரம் ஓடுகிற வரை எல்லாரும் பரபரப்பாக இருப்பார்கள். உத்தரவில் "18 வயது நிறைவடையும் வரை இல்லத்தில் தங்க அனுமதி" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கோப்பு மட்டும் மேசைக்கு வந்து போகும், பிள்ளையும் வராது, தாயும் வரமாட்டார். நான் உட்கார்ந்திருந்த குழுவிலும் அப்படி நடந்தது. அந்த ஒரு வரியைப் போடாமல், "ஆறு மாதம், அதற்குள் வீட்டு விசாரணை செய்து குடும்பத்தோடு வரவும்" என்று எழுத ஆரம்பித்த பிறகு, எங்கள் மாவட்டத்தில் பல பிள்ளைகள் அதே கல்வியாண்டில் வீடு போனார்கள். புதுத் திட்டமோ பணமோ வரவில்லை. உத்தரவில் தேதி போட்டோம்.

---

மார்கழிப்பூ | திங்கள், பகல் 1.30

இந்த இழையில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் எழுதுகிறேன். நான் பெண் பிள்ளைகளுக்கான இல்லத்தில் கண்காணிப்பாளர். இருபது வருடம் ஆகப் போகிறது.

2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா வந்ததும், இல்லங்களில் கூட்டத்தைக் குறைக்க முடிந்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் பாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருடம் செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, பிள்ளைகளை நூறு நாளில் குடும்பத்திடம் சேர்க்கச் சொல்லி. எங்களிடம் 64 பிள்ளைகள். 51 பேரை அனுப்பினோம். வேனில் ஏற்றி, ஒரு மாத அரிசி, பருப்பு, சோப்பு கொடுத்து அனுப்பினோம்.

அதில் ஒரு பெண்ணுக்குப் பதினாறு வயது. நன்றாகப் படிப்பாள், கணக்கில் எப்போதும் அவள்தான் முதல். மறுபடி பள்ளி திறந்து கூப்பிட்டபோது போனை வேறு யாரோ எடுத்தார்கள். கல்யாணம் முடிந்து நான்கு மாதம். நான் நேரில் போனேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க அனுப்பாம இருந்திருக்கலாம் மிஸ்" என்றாள்.

"சீக்கிரம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த முகம்தான் வருகிறது. என்னிடம் இருப்பவர்களில் சிலர் சொந்த வீட்டிலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். அந்த வீட்டுக்கே சீக்கிரம் அனுப்பச் சொல்கிறீர்களா? எண்ணிக்கை குறைந்தால் அதிகாரிகள் பாராட்டுவார்கள். நாளைக்கு ஒன்று நடந்தால் பிள்ளையின் பெயர்தான் போகும்.

---

தாமிரபரணிக்கரை | திங்கள், இரவு 9.05

மேற்கோள்: *"நீங்க அனுப்பாம இருந்திருக்கலாம் மிஸ்"*

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் கோபம் நியாயம், அம்மா.

சொந்த வீட்டில் கொடுமை நடந்த பிள்ளைகளை நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த வீடு வேண்டாம், சித்தியோ தாத்தாவோ வேறு பாதுகாப்பான உறவு இருக்கிறதா என்று தேடலாம், இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம். நான் சொல்வது அப்பா இறந்ததால், அம்மாவுக்கு வேலை நேரம் ஒத்துவராததால், ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லாததால் வந்தவர்களை. எங்கள் இல்லத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை.

2020இல் நடந்தது என் பார்வையில் அனுப்பிவைத்தல் மட்டும்தான். வீட்டை யாரும் முன்னால் போய்ப் பார்க்கவில்லை, பின்னாலும் போகவில்லை. ஊரடங்கில் போகவும் முடியவில்லை. திருமண ஏற்பாடு நடக்கும்போது வாசலில் நிற்க ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெண் கல்லூரிக்குப் போயிருப்பாள். சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன். சீக்கிரம் தொடங்கினால்தான் நிதானமாக முடிக்க நேரம் கிடைக்கும். சனிக்கிழமை வீட்டில் விட்டு வந்த பையனுக்கு மூன்று மாதம் எடுத்தது. முதலில் நான் மட்டும் போனேன், சொல்லாமல், மாலை ஆறு மணிக்கு, வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க. அப்புறம் அம்மா ஞாயிறுகளில் வந்து அவனோடு அரை நாள் இருந்தார். அடுத்து அவன் சனி ஞாயிறு வீட்டில் தங்கினான், விருந்தாளியாக வேண்டாம், ரேஷன் கடைக்கு அவனையே அனுப்புங்கள் என்று சொல்லிவைத்தேன். பிறகுதான் குழுவின் உத்தரவு.

இனி முதல் வாரம் ஒருமுறை போவேன், பிறகு மாதாமாதம். பெட்ரோலுக்கு இல்லத்தில் தனியாகப் பணம் ஒதுக்க வைக்க நான் பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்கிறேன். பிள்ளை இல்லத்தில் இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று மானியம் வருகிறது. வீட்டுக்குப் போய்விட்டால் அவனைப் பார்க்கப் போகும் செலவை யார் கணக்கில் எழுதுவது? இங்கேதான் எல்லாம் நிற்கிறது.

---

வெள்ளைப்பலகை | திங்கள், இரவு 9.48

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் "முழுப் பரீட்சை முடியட்டும்" என்ற காரணத்தை நான் அடிக்கடி கேட்கிறேன்.

நடுவில் வந்தால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்பது உண்மை இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை எந்த மாதத்திலும் அரசுப் பள்ளியில் சேரலாம். டிசி வரத் தாமதமானால்கூட அதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. கல்வித் துறைக் கணினியில் மாணவருக்குள்ள எமிஸ் எண்ணைப் பழைய பள்ளியில் விடுவித்தால் நாங்கள் இங்கே எடுத்துக்கொள்வோம், ஒரே நாள் வேலை. பழைய பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டால் முடிகிறது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் மாற்றுவது சிரமம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளையை அரையாண்டுத் தேர்வுக்காக அம்மாவிடமிருந்து ஏழு மாதம் பிரித்து வைக்கிற அளவுக்கு எங்கள் அரையாண்டுத் தேர்வில் ஒன்றும் இல்லை. என் வகுப்புக்கு நவம்பரில் அப்படி ஒரு பிள்ளை வந்தாள். டிசம்பருக்குள் மற்ற பிள்ளைகளோடு பாடத்தில் வந்துவிட்டாள்.

---

கடலோரம்_மட்டு | செவ்வாய், காலை 7.20

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறன். எங்கட பக்கமும் இதே கதைதான், காரணம் மட்டும் வேற. யுத்தம் முடிஞ்ச நேரம் சிறுவர் இல்லங்களில நிறையப் பிள்ளைகள் இருந்தவை. இப்ப வாற பிள்ளைகளில கனபேரின்ட தாய் வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போனவ. தகப்பன் வேற கலியாணம் செய்திருப்பார், அம்மம்மாவுக்கு ஏலாது. பிள்ளை இல்லத்துக்கு வருது.

2019இல் இலங்கையில மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை வந்தது, குடும்பம்தான் முதல் எண்டு அதிலயும் இருக்கு. நான் சிறுவர் பராமரிப்பைப் பார்க்கிற நன்னடத்தைத் திணைக்களத்தோட சேர்ந்து வேலை செய்யிற ஆள். நாங்கள் கண்ட ஒரு விசயம்: தாய் திரும்பி வாற திகதி எங்களுக்கு முதலே தெரியும். அந்தத் திகதிக்கு மூண்டு மாசம் முன்னாலயே தாயோட வீடியோ கோல் கிழமைக்கு ரெண்டு தரம் வைப்பம். பிள்ளை முதல்ல கதைக்காது, போனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பரவாயில்ல, இருக்கட்டும். தாய் அங்க சமைக்கிறதைக் காட்டுவா, இது என்ன கறி எண்டு கேட்பா. இப்பிடியே போய், தாய் வந்து இறங்கேக்க பிள்ளைக்கு அவ அந்நியமா இருக்கமாட்டா. ஒரு பைசா செலவில்லாத வேலை. மாசத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் எண்ட சட்டத்தை இல்லங்கள் கைவிட்டால் போதும்.

---

ஆற்றுப்படுத்துநர்_கோவை | செவ்வாய், காலை 11.00

மேலே எழுதியவர் சொன்ன போன் விஷயத்தை ஆயிரம் முறை வழிமொழிகிறேன்.

வீடு திரும்பிய பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். முதல் இரண்டு வாரம் பிள்ளை மிகவும் நல்லவனாக இருப்பான். கேட்டதைச் செய்வான், கக்கூசுக்குப் போகக்கூட அனுமதி கேட்பான். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மணி அடிக்கக் காத்திருப்பான். அம்மா பூரித்துப்போவார். பிறகு ஒருநாள் வெடிக்கும். தட்டை எறிவான், தம்பியை அடிப்பான், "நான் ஹோமுக்கே போறேன்" என்பான். தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்துவைப்பான், ராத்திரி படுக்கையை நனைப்பான். அப்போதுதான் குடும்பம் பயந்துபோய், "இவன் கெட்டுப்போயிட்டான், திரும்பக் கூட்டிட்டுப் போங்க" என்று போன் செய்யும்.

இது கெட்டுப்போனது இல்லை. இந்த வீட்டில் சண்டை போட்டாலும் என்னை வைத்துக்கொள்வார்களா என்று சோதித்துப் பார்க்கிறான். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிக் கஷ்டம் குறையும். "மூணாவது வாரம் இப்படி நடக்கும், அப்ப எனக்குப் போன் பண்ணுங்க" என்று நாளோடு சொல்லிவிடுவேன். அம்மா போன் செய்து, "நீங்க சொன்ன மாதிரியே பண்றான் மேடம்" என்பார். அந்தக் குரலில் பயம் இருக்காது.

சிறு குழந்தைகளுக்குக் காலம் இன்னும் கறாரானது. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, 2000 முதல் பல ஆண்டுகள் கவனித்தார்கள். இரண்டு வயதுக்கு முன்னால் குடும்பத்துக்குப் போனவர்கள் பல வகையில் நன்றாகத் தேறினார்கள். பெரியவர்களுக்கு ஆறு மாதம் ஒரு கோப்பு. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது வாழ்ந்த வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு.

---

பிறந்தநாள்_சோறு | செவ்வாய், மாலை 5.30

பத்து வருடமாக என் மகள் பிறந்தநாளுக்கு ஒரு ஹோமில் மதியச் சாப்பாடு போடுகிறேன். வடை பாயசத்தோடு. இந்த இழையைப் படித்த பிறகு மனசு சரியில்லை. நான் செய்வது தவறா? இந்தப் பணத்தை எங்கே கொடுத்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போக உதவும்?

---

தாமிரபரணிக்கரை | செவ்வாய், மாலை 7.10

தவறு என்று யாரும் சொல்ல மாட்டோம். பிள்ளைகள் பாயசத்துக்குக் காத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கேட்டதால் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கும் கட்டடத்துக்கும் ஆள் கிடைக்கிறார்கள். ஜனவரி முதல் தேதி எங்கள் இல்லத்துக்கு ஐந்து கேக் வரும். வீடு திரும்பிய பையனுக்கு ஒரு பாய், போர்வை, ஸ்கூல் பை வாங்க ஆள் கிடைக்கமாட்டார்கள். அவன் அம்மா ஞாயிறுதோறும் வந்துபோகப் பஸ் காசு தர ஆள் இல்லை. ஆண்களுக்கு இங்கே டிக்கெட்டே கூலியைத் தின்றுவிடும், பெண்களுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் இருப்பதால் சில அம்மாக்கள் சமாளிக்கிறார்கள், ஆனால் மாவட்டம் தாண்டினால் காசுதான். நீங்கள் போகும் இல்லத்தில், "இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு போனார்கள்? போனவர்களுக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். கொடுப்பவர் கேட்டால் நிர்வாகம் பதில் தேடும். நான் கேட்டால் தேடாது.

---

நாலுமாதம் | செவ்வாய், இரவு 8.25

பணம் பற்றி வந்ததால் அரசுத் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நிதி ஆதரவு, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். 2022க்கு முன்னால் 2,000ஆக இருந்தது. இல்லத்தில் சேராமல் தடுக்கவும் கொடுக்கலாம், இல்லத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கும் கொடுக்கலாம். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், உயிருக்கு ஆபத்தான நோயுள்ள பெற்றோர், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரில்லாத பிள்ளைகள் எல்லாரும் இதில் வருவார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம். தாய் தந்தை இருவரையும் இழந்தவர்களுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது, மாதம் 2,000.

சிக்கல் வருமான வரம்பில். ஊரகத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. அதாவது கிராமத்தில் மாதம் ஆறாயிரத்துக்கு மேல் சம்பாதித்தால் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் அம்மாவுக்குக் கிடைக்கும். மில்லில் ஒன்பதாயிரம் வாங்கும் அம்மாவுக்குக் கிடைக்காது. ஒன்பதாயிரத்தில் வாடகை கொடுத்து இரண்டு பெண்களை வளர்ப்பவரை வசதியானவர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? இந்த வரம்பை உயர்த்தச் சொல்லித் தொடர்ந்து கேட்க வேண்டும்.

பாவாடைநாடா அம்மா, இதைப் படித்துவிட்டுத் தயங்காதீர்கள். நிதி ஆதரவு கிடைப்பது வேறு, பிள்ளைகள் திரும்புவது வேறு. உதவித்தொகை வந்தால்தான் அனுப்புவோம் என்று யாராவது சொன்னால் அது சட்டத்தில் இல்லை. வறுமை மட்டுமே காரணமாகப் பிள்ளையைப் பிரித்து வைக்கக் கூடாது என்று 2009இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது.

இன்னொன்று, மார்கழிப்பூ அம்மாவுக்கு. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்பட்டது குறித்து 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. இல்லத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. நீங்கள் பயப்படும் பிள்ளைக்கும், நாளையே போகக்கூடிய பிள்ளைக்கும் ஒரே தாளை நகலெடுத்து வைப்பதால்தான் ஒருத்தி தவறான வீட்டுக்குப் போகிறாள், இன்னொருத்தி போகவேண்டிய வீட்டுக்குப் போகாமல் இருக்கிறாள்.

---

மார்கழிப்பூ | செவ்வாய், இரவு 10.15

இன்று மதியம் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். இப்போது 38 பேர். பெயர் பெயராகப் பார்த்தேன். அனுப்பவே கூடாது என்று என் மனசு சொல்வது ஏழு பேர். பத்து, பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்பது பேர், மார்ச் தாண்டட்டும். யாருமே இல்லாதவர்கள் மூன்று பேர். மீதி பத்தொன்பது பேருக்கு நான் என்ன காரணம் வைத்திருக்கிறேன் என்று எனக்கே எழுதத் தெரியவில்லை. அதில் ஆறு பேரின் வீட்டை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண்ணை நினைத்து நான் எல்லாரையும் பிடித்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. ஆறு வீட்டையும் இந்த மாதம் பார்க்கிறேன். யாரையும் அனுப்புகிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன், முதலில் பார்க்கிறேன். தாமிரபரணிக்கரை, சொல்லாமல் மாலையில் போவேன் என்று எழுதியிருந்தீர்கள். பெண் பிள்ளை வீடு என்றால் அக்கம்பக்கம் பேச்சு கிளம்பாதா? எப்படிப் போகிறீர்கள்?

---

தாமிரபரணிக்கரை | புதன், காலை 6.40

ஜீப்பில் போகாதீர்கள், இல்லத்தின் பெயர் எழுதிய வண்டியில் போகவே போகாதீர்கள். பெண் ஊழியர் ஒருவரோடு பஸ்ஸில் போய், முதலில் அங்கன்வாடி டீச்சரைப் பாருங்கள். அவருக்குத் தெருவில் எல்லா வீடும் தெரியும், அவரோடு நடந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் கேள்வித்தாளை எடுக்காதீர்கள். தண்ணீர் கேட்டுக் குடியுங்கள், உட்காருங்கள். ராத்திரி யார் யார் இங்கே தங்குவார்கள் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

---

ஏழாம்நம்பர்பெட்டி | புதன், பகல் 12.20

மார்கழிப்பூ அம்மா, போவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். என்னிடம் ஒன்பது வருடத்தில் யாரும், "வீட்டுக்குப் போக ஆசையா, அங்கே யாரைக் கண்டாலாவது பயமா?" என்று கேட்டதில்லை. கண்காணிப்பாளர் அறையில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் எல்லாரும் "இங்கேயே நல்லா இருக்கு" என்றுதான் சொல்வோம். துணி காயப்போடும்போது கேளுங்கள்.

---

பாவாடைநாடா | புதன், இரவு 9.30

வக்கீல் ஐயா சொன்ன மாதிரி எழுதிட்டேன். அக்கா பையன் எழுதிக் குடுத்தான், ரெண்டு பக்கம். நாளைக்கு வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கேன். ஆதார், ரேசன் கார்டு, வாடகை வீட்டு அக்ரிமெண்ட், மில்லுல பகல் ஷிப்ட்டுன்னு ஒரு கடிதம், எல்லாம் வாங்கிட்டேன். அக்காவும் கூட வருது. வேற எதும் எடுத்துட்டுப் போணுமா?

---

நாலுமாதம் | புதன், இரவு 9.41

பிள்ளைகளை முதலில் சேர்த்தபோது குழு கொடுத்த உத்தரவின் நகல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பரவாயில்லை, அவர்களிடமே இருக்கும். அக்காவின் ஆதாரும் வேண்டும், நீங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்ப்பவர் அவர்தான் என்று மனுவில் எழுதுங்கள். எல்லாவற்றிலும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். காலை பத்தரைக்குள் போய்விடுங்கள்.

---

பாவாடைநாடா | புதன், இரவு 9.44

சரிங்க ஐயா. ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்கே தொறந்துருவாங்க. எடுத்துட்டு எட்டே முக்கால் பஸ்ஸுக்குப் போயிர்றோம்.